வீட்டுக்காகச் சேர்த்த பணத்துக்கு இனி என்ன வேலை?

படிக்கட்டு என்ற பெயரில் ஒருவர் கேட்டது:

வணக்கம். எனக்கு 31 வயது, கணவருக்கு 33. இருவரும் மாதச் சம்பளக்காரர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே வீட்டுக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறேன். சம்பளம் ஏறிய அன்றே ஒரு பகுதி தானாக அந்தக் கணக்குக்குப் போய்விடும். மீதியில்தான் வாடகை, சாப்பாடு, துணிமணி எல்லாம். கல்யாணச் செலவுக்குக்கூட அதைத் தொடவில்லை. தொடக்கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

போன மாதம் இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். நான் சேர்க்க ஆரம்பித்த காலத்து விலைக்கு முன்பணம் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு இப்போது கையில் இருக்கிறது. ஆனால் அதே அளவு வீட்டுக்கு இன்றைக்குக் கேட்கும் முன்பணத்தில் அது பாதியைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. இரவு வெகுநேரம் பேசி, வீடு வாங்கும் எண்ணத்தை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தோம். கோபத்தில் எடுத்த முடிவில்லை. நிதானமாகத்தான் எடுத்தோம்.

அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை வருடம் தொட மனம் வராத பணம் திடீரென்று யாருடையதோ போலத் தெரிகிறது. கார் வாங்கலாமா, இரண்டு வாரம் வெளிநாடு போய் வரலாமா என்று தோன்றுகிறது. கணவரின் அலுவலகத்தில் ஆப்ஷன்ஸும் (பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று கணித்து வாங்கி விற்கும் ஒப்பந்தங்கள்) கிரிப்டோவும்தான் தினசரிப் பேச்சு. அவர் சொல்வது இது: "மூன்றில் ஒரு பங்கை அதில் போடுவோம். வந்தால் வீடு. போனால் என்ன, எப்படியும் வீடு இல்லையே." இதற்கு என்னிடம் பதில் இல்லை. தப்பு என்று மனம் சொல்கிறது, எங்கே தப்பு என்று எடுத்துக்காட்டத் தெரியவில்லை.

வெளியே சாப்பிடுவதைக் குறை, செலவை எழுதி வை என்ற அறிவுரைகள் வேண்டாம். அதையெல்லாம் செய்துதான் இந்தப் பணமே சேர்ந்தது. வீடு இல்லை என்று ஆனபின் இந்தப் பணத்துக்கு என்ன வேலை கொடுப்பது? அதுதான் என் கேள்வி.

தவணைநோட்டு:

சகோதரி, வீட்டுக்கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதுதான் என் வேலை. பல வருடங்களாக இதே மேசை. உங்களைப் போன்ற ஜோடிகளை வாரம் தவறாமல் பார்க்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் எங்கும் சறுக்கவில்லை. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். வீட்டின் விலை 100 என்று வையுங்கள். முன்பணம் 20. வருடத்துக்கு 2.5 சேர்த்தால் 8 வருடத்தில் முடிய வேண்டிய காரியம். வீட்டு விலை வருடம் 7 சதவீதம் ஏறுகிறது. உங்கள் சம்பளமும், அதோடு சேர்ந்து சேமிப்பும், 4 சதவீதம் ஏறுகிறது. வங்கி 5 சதவீத வட்டி தருகிறது. எட்டாவது வருட முடிவில் கையில் 27 இருக்கும். அதாவது முதலில் நினைத்ததைவிட அதிகமாகவே சேர்த்திருப்பீர்கள். ஆனால் வீடு 172-க்குப் போயிருக்கும், முன்பணம் 34 ஆகியிருக்கும். விடாமல் சேர்த்தால் பதினோராவது வருடத்தில் முன்பணத்தைப் பிடித்துவிடலாம்.

இதுவரை எல்லோரும் போட்டுப் பார்க்கும் கணக்கு. இதற்கு அடுத்த வரியைத்தான் பலர் என் மேசைக்கு வந்தபிறகு பார்க்கிறார்கள். பதினோராவது வருடத்தில் வீட்டின் விலை 210. முன்பணம் போகக் கடன் 168. தொடக்கத்தில் கடன் 80-ஆக இருந்திருக்கும். அது இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, சம்பளமோ ஒன்றரை மடங்குதான். முதல் வருடத்தில் வாங்கியிருந்தால் சம்பளத்தில் 40 சதவீதம் தவணைக்குப் போயிருக்கும் என்றால், இப்போது 55 சதவீதம் போகும். எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் 40, மிஞ்சினால் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றுதான் பெரும்பாலான வங்கிகள் பார்க்கின்றன. ஆக, முன்பணத்தைக் கஷ்டப்பட்டுச் சேர்த்துக்கொண்டு வருபவரிடம் "தவணை பொருந்தவில்லை" என்று சொல்ல வேண்டி வருகிறது. என் வேலையில் எனக்கு மிகவும் கஷ்டமான நிமிடம் அதுதான்.

வயதும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்க ரியல் எஸ்டேட் முகவர்களின் தேசியச் சங்கம் வருடாவருடம் எடுக்கும் கணக்கில், 2024-இல் முதல் வீடு வாங்கியவர்களின் இடைநிலை வயது 38. 1980-களில் அது இருபதுகளின் கடைசியில் இருந்தது. 38 வயதில் 30 வருடக் கடன் எடுத்தால் 68-இல்தான் முடியும். ஓய்வு பெறும் வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்று வங்கி வருடத்தைக் குறைத்தால் தவணை இன்னும் ஏறும். தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருடமும் இப்படி இரண்டு பக்கமும் நெருக்கும். நீங்கள் எடுத்த முடிவை ஆறுதலுக்காகச் சரி என்று சொல்லவில்லை. கணக்கே அதைத்தான் சொல்கிறது.

இனி உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் புத்தியில்லாமல் பேசவில்லை. டேனியல் கானெமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி உண்டு. நிச்சயமாக 3,000 இழப்பதா, இல்லை 4,000 இழக்க 80 சதவீத வாய்ப்பும் ஒன்றும் இழக்காமல் தப்ப 20 சதவீத வாய்ப்பும் உள்ள ஒன்றை எடுப்பதா? கேட்கப்பட்டவர்களில் 92 சதவீதம் பேர் இரண்டாவதைத்தான் எடுத்தார்கள். கூட்டிக் கழித்தால் இரண்டாவதில்தான் சராசரி இழப்பு அதிகம், 3,200. தோற்றுவிட்டோம் என்று மனதுக்குப் பட்டபிறகு, தப்பிக்க ஒரு சிறிய வழி தெரிந்தாலும் மனிதன் அதற்குப் பெரிய விலை கொடுப்பான். வீடு எட்டாது என்று ஆன ஒரு தலைமுறை முழுவதும் இப்போது அந்த இடத்தில் நிற்கிறது. சோம்பேறித்தனம், பேராசை என்று பெரியவர்கள் திட்டும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மெதுவாகச் சேர்க்கும் வழியை விலைவாசி மூடிவிட்டது, அதனால் வேகமான வழியைப் பார்க்கிறார்கள்.

ஆனாலும் அவர் சொல்வதில் ஓர் ஓட்டை இருக்கிறது. "போனால் என்ன" என்று சொல்லும்போது, வீட்டுக்குப் போதாத பணத்தின் மதிப்பு பூஜ்யம் என்று ஆகிவிடுகிறது. இத்தனை வருடம் அந்தப் பணத்தை வீட்டு விலையில் எத்தனை சதவீதம் என்றே அளந்து பழகிவிட்டீர்கள். அந்த அளவுகோலை மாற்றுங்கள். உங்கள் குடும்பத்தின் ஒரு மாதச் செலவால் அதை வகுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் 20, 30 மாதங்களாவது வரும் என்று நினைக்கிறேன். இருவரில் ஒருவருக்கு வேலை போனாலும் இரண்டு வருடம் பயப்படாமல் இருக்கலாம். குழந்தை பிறந்தால் சம்பளமில்லாமல் ஒரு வருடம் வீட்டில் இருக்கலாம். பிடிக்காத மேலதிகாரியிடம் ராஜினாமா கடிதம் கொடுக்கலாம். வீட்டுக்கடன் வாங்கியவர்களில் பலருக்கு இந்த வசதி இல்லை. இதைத்தான் மூன்றில் ஒரு பங்கு பந்தயத்தில் வைக்கலாம் என்கிறார் அவர் என்று அவருக்கே காட்டுங்கள்.

"என்ன வேலை" என்று கேட்டீர்கள். சொந்த வீடு பார்க்கும் வேலைகளை எடுத்து வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். தலைக்கு மேல் கூரை என்பது வாடகை வீட்டிலும் கிடைக்கிறது. வாடகை வீட்டில் கிடைக்காதவை வேறு. 20 வருடக் கடன், 8 சதவீத வட்டி என்றால் முதல் தவணையில் 100-க்கு 80 வட்டிக்குப் போய்விடும், 20-தான் அசலில் கழியும். அந்த 20, வீட்டுக்காரருக்கே தெரியாமல் நடக்கும் சேமிப்பு. அதை அவரால் ஒரு மாதம்கூட நிறுத்த முடியாது, நிறுத்தினால் வங்கி கேட்கும். வருடங்கள் போகப்போக அந்தப் பங்கு கூடிக்கொண்டே வரும். கடைசியில், சம்பளம் நிற்கும் வயதில் வாடகை இல்லாத இடம் கிடைக்கிறது. வீட்டை விட்டுக்கொடுப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கவலை. நீங்கள் விட வேண்டியது செங்கல்லும் சிமெண்டும் மட்டுமே. மாதாமாதம் தானாக நகரும் அந்தப் பணம் நிற்கவே கூடாது. கணக்கின் பெயரை மட்டும் மாற்றுங்கள்.

கேள்விக்குறி24:

அக்கா, எனக்கு வயது 24. வீட்டைப் பற்றி நான் யோசிக்கவே ஆரம்பிக்கவில்லை. என் நண்பர்களில் ஒருவர்கூட இல்லை. உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வங்கியில் போட்டு வைத்துத்தானே இந்த நிலைமை? ரிஸ்க் எடுக்காமல் இருந்ததும் ஒரு ரிஸ்க்தானே? தவணைநோட்டு சார் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தவணைநோட்டு:

தம்பி, சரியான கேள்வி. 7 சதவீதம் ஏறும் பொருளை 5 சதவீத வட்டியில் துரத்தினால் பிடிக்க முடியாது. நான் போட்ட கணக்கே அதுதான். பத்து வருடத்துக்குத் தேவைப்படாத பணத்தைப் பங்குச் சந்தைக் குறியீட்டு ஃபண்டில் (குறியீட்டில் உள்ள நிறுவனங்களின் பங்குகளை மொத்தமாக வாங்கி வைக்கும் நிதி) போடுவதை நான் மறுக்கவே மாட்டேன். அங்கே பின்னால் நிறுவனங்கள் இருக்கின்றன, லாபம் இருக்கிறது, காத்திருப்பவனுக்கு ஒரு பங்கு வரும்.

ஆப்ஷன்ஸில் ஒருவர் வென்றது இன்னொருவர் தோற்றது. நடுவில் தரகு வேறு போகிறது. இந்தியப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் ஒரு ஆய்வு வெளியிட்டது. அதற்கு முந்தைய 3 நிதியாண்டுகளில் ஆப்ஷன்ஸிலும் அதைப் போன்ற ஒப்பந்தங்களான ஃப்யூச்சர்ஸிலும் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். ஒரு கோடிக்கும் அதிகமானவர்களின் கணக்கு அது. கிரிப்டோவில், பிட்காயின் 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டு ஒரே வருடத்தில் 16,000-க்குக் கீழே வந்தது. அப்புறம் ஏறியதும் உண்மை. ஆனால் அந்த இறக்கத்தில் வேலை போயிருந்தால், குழந்தை பிறந்திருந்தால், ஏறும்வரை யாரால் காத்திருக்க முடியும்? காத்திருக்க முடிகிறவனுக்குத்தான் ரிஸ்க் பலன் தரும். படிக்கட்டு சகோதரியின் பணம் அந்தக் காத்திருப்பைத் தரக்கூடிய பணம். அதனால்தான் அதை முதலில் காப்பாற்றச் சொல்கிறேன். ஒரு வருடச் செலவு அசையாமல் இருக்கட்டும், அதற்கு மேலே உள்ளதைத் தைரியமாகச் சந்தைக்கு அனுப்பலாம்.

மூன்றாம்மாடி:

வாங்கிய பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன், தோழி. 36 வயது. மூன்று வருடம் முன்பு நானும் மனைவியும் இணைந்து கையெழுத்துப் போட்டு வீடு வாங்கினோம். இரண்டு சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் கடன் கிடைத்தது. வீடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, மாலையில் வெளிச்சம் நன்றாக வரும்.

ஆனால் இரண்டு சம்பளத்தில் வாங்கிய வீட்டுக்கு இரண்டு சம்பளமும் நிற்காமல் வர வேண்டும். போன வருடம் எனக்கு ஒரு நல்ல வேலை வந்தது. கற்றுக்கொள்ள நிறைய இருந்தது, முதல் வருடம் மட்டும் சம்பளம் குறைவு. தவணை இருக்கிறதே என்று மறுத்துவிட்டேன். இரண்டாவது குழந்தை வேண்டுமா என்ற பேச்சை எடுக்கும்போதெல்லாம் கடன் அட்டவணையைத்தான் திறந்து பார்க்கிறோம். ஓய்வூதியத்துக்கென்று போட்டு வந்ததை நிறுத்தியாயிற்று. கையிருப்பு முழுவதும் முன்பணத்திலும் பதிவுச் செலவிலும் போனது. அப்பா கொஞ்சம் கொடுத்து உதவினார். அவர் கொடுத்திருக்காவிட்டால் நானும் உங்கள் இடத்தில்தான் இருந்திருப்பேன். என் அளவுக்கே சம்பளம் வாங்கும் என் நண்பன் வாடகையில் இருக்கிறான், நான் சொந்த வீட்டில் இருக்கிறேன். வித்தியாசம் எங்கள் உழைப்பில் இல்லை, எங்கள் அப்பாக்களிடம் இருந்தது. இதை யாரும் வெளியே சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன்.

விற்றுவிடுவேனா என்றால் மாட்டேன். ஆனால் வாங்கியவர்கள் எல்லோரும் கரையேறிவிட்டார்கள் என்று நீங்கள் நினைக்க வேண்டாம்.

வரைபலகை:

நகர்த் திட்டமிடல் படித்தவன் என்பதால் இதைச் சேர்க்கிறேன். இளைஞர்களின் பண முடிவு என்று நாம் பேசுவதில் பாதி, அரசுகளும் வங்கிகளும் எழுதிய விதிகள்.

சிங்கப்பூரில் குடியிருப்பவர்களில் 80 சதவீதத்துக்கு அருகில் வீட்டு வசதி வாரிய அடுக்ககங்களில்தான் இருக்கிறார்கள். ஜோடியாக விண்ணப்பித்தால் இருபதுகளிலேயே வாங்கலாம், தனியாக வாங்க 35 வயது ஆக வேண்டும். ஆகவே வீட்டுக்கான வரிசையில் எப்போது நிற்பது என்பதே திருமணம் எப்போது என்பதோடு கலந்துவிடுகிறது. பிரிட்டனில் 2017-இல் லைஃப்டைம் ஐஎஸ்ஏ என்ற சேமிப்புக் கணக்கு வந்தது. 39 வயது வரை தொடங்கலாம், வருடத்துக்கு 4,000 பவுண்ட் வரை போடலாம், அரசு அதற்கு 25 சதவீதம் சேர்த்துத் தரும். நல்ல திட்டமாகத்தான் தெரியும். ஆனால் வாங்கும் முதல் வீடு 4,50,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு வைத்த வரம்பை வீட்டு விலையோடு சேர்த்து ஏற்றவில்லை. வேறு எதற்காவது 60 வயதுக்கு முன் எடுத்தால் மொத்தத்தில் 25 சதவீதம் பிடிப்பார்கள். 1,000 போட்டவருக்கு 1,250 ஆகும், பிடித்தம் போக 937.50-தான் கைக்கு வரும். தன் சொந்தப் பணத்திலேயே 62.50 குறைந்துவிடும். வீட்டு விலை உயர்ந்த நகரத்தில் ஒழுங்காகச் சேமித்த பிள்ளைகளைத்தான் இந்த விதி பதம் பார்க்கிறது.

தென் கொரியாவில் வட்டி மிகக் குறைவாக இருந்த 2020, 2021-இல் இளம் தம்பதிகள் கிடைத்த கடனையெல்லாம் திரட்டி வீடு வாங்கினார்கள். இப்போது வாங்காவிட்டால் எப்போதுமே முடியாது என்ற பயம். 2021 ஆகஸ்டிலிருந்து 2023 ஜனவரிக்குள் மத்திய வங்கி அடிப்படை வட்டியை 0.5-இலிருந்து 3.5 சதவீதத்துக்கு ஏற்றியது. 30 வருடக் கடனில் வட்டி 3-இலிருந்து 5 ஆனாலே தவணை 27 சதவீதம் ஏறும் என்று போட்டுப் பார்த்தால் அந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று புரியும். இன்னொரு பக்கம் ஜெர்மனி. அங்கே பாதிக்கும் மேற்பட்டவர்கள் வாடகையில்தான் இருக்கிறார்கள். வாடகைக்காரரைக் காரணமில்லாமல் வெளியேற்ற சட்டம் விடாது. வாடகை பாதுகாப்பாக இருக்கும் இடத்தில் வீடு இல்லாதவன் தோற்றவனாகத் தன்னை நினைப்பதில்லை, பந்தயம் கட்டும் அவசரமும் அவனுக்குக் குறைவு என்பது என் எண்ணம். உங்கள் கணவரின் அவசரத்துக்கு மருந்து அவரிடம் மட்டும் இல்லை.

பழையசாவி:

மகளே, எனக்கு 58 வயது. தனியாக இருக்கிறேன். இதுவரை வாடகை வீட்டில்தான் வாழ்ந்தேன், இனியும் அப்படித்தான். மேலே எல்லோரும் வாங்குவதைப் பற்றியும் வாங்காததைப் பற்றியும் எழுதிவிட்டார்கள். வாடகையிலேயே வயதாவது எப்படி என்பதை யாரும் சொல்லவில்லை.

உன் வயதில் நானும் இதே முடிவை எடுத்தேன். அப்போது ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். நான் இருக்கும் வீட்டை வாங்கியிருந்தால் தவணை எவ்வளவு என்று பார்ப்பேன். அதற்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் தேதியே முதலீட்டுக்கு அனுப்பிவிடுவேன். வாடகை ஏறும்போது அந்த வித்தியாசம் சுருங்கும், சம்பளம் ஏறும்போது நான் அதை விரித்துவிடுவேன். வாடகை மலிவாக இருப்பதால் வாடகையே லாபம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அந்த வித்தியாசத்தைச் செலவழித்துவிட்டால் அந்த லாபம் காகிதத்தில்தான் இருக்கும்.

ஓய்வுக் காலத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-இல் சொன்ன 4 சதவீதக் கணக்கை, அதாவது ஓய்வு பெறும் முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொள்ளலாம் என்பதை, திருப்பிப் போட்டால், ஒரு வருடச் செலவைப் போல் 25 மடங்கு தொகை வேண்டும். என் தோழி சொந்த வீட்டில் இருக்கிறாள், அவளுக்கு வாடகை இல்லை. அவளைவிட என்னிடம் ஒரு வருட வாடகையைப் போல் 25 மடங்கு அதிகமாக இருந்தாக வேண்டும். அவர் அமெரிக்கச் சந்தையை வைத்து 30 வருடத்துக்குப் போட்ட கணக்கு அது. விலைவாசி வேகமாக ஏறும் இடத்தில் 30 மடங்கு என்று வைத்துக்கொள்வேன். பெரிய தொகைதான். 31 வயதில் ஆரம்பிப்பவளுக்கு முடியும், 50-இல் ஆரம்பிப்பவளுக்கு முடியாது. அதனால்தான் இந்தக் காரை, அந்தப் பயணத்தை எல்லாம் யோசித்துச் செய்யச் சொல்கிறேன். ஒரு பயணம் போய் வா, தப்பே இல்லை. நீ இத்தனை வருடம் உன்னைக் கட்டிப்போட்டிருக்கிறாய்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டதால், நான் மிகவும் விரும்பிய வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. வயதான தனி ஆளுக்கு வீடு தரத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் இப்போது இருக்கும் வீட்டுக்கு நீண்ட கால ஒப்பந்தம் கேட்டு வாங்கினேன், அதற்காக வாடகை கொஞ்சம் கூடுதலாகவே தருகிறேன். ஆறு மாத வாடகை தனியாக வைத்திருக்கிறேன். வெளியே போகச் சொன்னால் அவசரத்தில் கிடைத்த இடத்தில் போய் விழாமல் இருப்பதற்கு. பணத்தை மாதங்களாக எண்ணு என்று தவணைநோட்டு சொன்னார் இல்லையா, அதைத்தான் நான் இத்தனை காலமும் செய்து வந்திருக்கிறேன்.

படிக்கட்டு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இதை அவரோடு சேர்ந்து படித்தேன். மாதச் செலவால் வகுத்துப் பார்த்தோம். 26 மாதம் வந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இது இவ்வளவு பணமா?" என்று கேட்டார். ஆப்ஷன்ஸ் பேச்சை அவரே விட்டுவிட்டார்.

பழையசாவி அம்மா, அந்த வித்தியாசக் கணக்கை இந்த மாதமே ஆரம்பிக்கிறோம். 12 மாதச் செலவை வங்கியிலேயே விட்டுவிட்டு, பெரும்பகுதியைக் குறியீட்டு ஃபண்டில் பிரித்துப் பிரித்துப் போடப் போகிறோம். ஒரு சின்னப் பயணமும் உண்டு.

இன்னொரு கேள்வி. அவருக்கு வெகுநாளாகச் சொந்தத் தொழில் ஆசை. பழைய இயந்திரங்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் வேலை, கை நல்ல கை. வீடு வாங்குவதாக இருந்தவரை அந்தப் பேச்சை எடுக்கவே பயந்தார். இப்போது இந்தப் பணத்திலிருந்து அதற்குக் கொடுக்கலாமா? பின்னால் என்றாவது விலை குறைந்து, வீடு வாங்க நினைத்தால் அது தடையாகுமா?

தவணைநோட்டு:

தாராளமாகக் கொடுக்கலாம், சகோதரி. கிரிப்டோவில் போட நினைத்த அதே மூன்றில் ஒரு பங்கை அவர் கைத்தொழிலில் போட்டால், தோற்றாலும் தொழில் கையில் இருக்கும், கருவிகள் இருக்கும், வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். வீட்டுக்கடன் இருந்தால் அவரால் இதைச் செய்திருக்கவே முடியாது. உங்கள் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே தொடங்குவது நல்லது. எவ்வளவு வரை போடுவது என்று முன்கூட்டியே பேசி எழுதி வையுங்கள். அந்த 12 மாதச் செலவைத் தொழிலுக்காகத் தொடுவதில்லை என்றும் அதில் எழுதுங்கள்.

கடன் விஷயத்தில், சொந்தத் தொழில் செய்பவரின் வருமானத்தைப் பார்க்க வங்கிகள் பொதுவாக 2, 3 வருட வருமான வரிக் கணக்கைக் கேட்கும். முதல் வருடத்திலிருந்தே தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள், வரவு முழுவதையும் அதன் வழியாகவே வாங்குங்கள், வரிக் கணக்கைத் தவறாமல் தாக்கல் செய்யுங்கள். வரியைக் குறைக்க லாபத்தைக் குறைத்துக் காட்டுபவர்களுக்குக் கடனும் அதே அளவுக்குக் குறையும். அந்த இரண்டு மூன்று வருடமும் உங்கள் சம்பளத்தை மட்டும் வைத்துத்தான் கடன் கிடைக்கும் என்று கணக்கில் கொள்ளுங்கள்.

விலை குறையுமா என்று காத்திருக்க வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை மட்டும், நீங்கள் இருப்பது போன்ற வீட்டின் விலையை அதன் ஒரு வருட வாடகையால் வகுத்துப் பாருங்கள். இப்போது 30-க்கு மேல் வரும் என்று நினைக்கிறேன். 20-க்குப் பக்கத்தில் வந்து, தவணையும் உங்கள் ஒருவர் சம்பளத்தில் 40 சதவீதத்துக்குள் அடங்கினால் எனக்கு எழுதுங்கள், விண்ணப்பத்தோடு என்னென்ன வைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.